மது விற்று நற்பணி செய்யலாமா? தீவகத்துப் பனை சொல்லும் பதில்

அமெரிக்காவின் பல நகரங்களில் ‘பியர் பாஸ்போர்ட்’ என்றொரு நிதி திரட்டும் முறை இருக்கிறது. கடவுச்சீட்டு போன்ற ஒரு சிறு புத்தகத்தை விற்பார்கள். அந்தப் பகுதியிலுள்ள பியர் உற்பத்திச்சாலைகளின் பெயர்கள் அதில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். வாங்கியவர் ஒவ்வோர் இடமாகப் போய் முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் ஒரு கோப்பை இலவசம், சில இடங்களில் விலைக்கழிவு. எல்லாப் பக்கங்களும் நிறைந்தால் பரிசும் உண்டு. புத்தகம் விற்ற பணமோ அதில் ஒரு பங்கோ ஏதேனும் ஒரு தொண்டு அமைப்புக்குப் போகும். அப்படிப் பணம் பெறும் அமைப்புகளில் ‘தெரபி நாய்’ அமைப்புகளும் இருக்கின்றன.

இதெல்லாம் எங்கோ நடப்பது, நமக்கென்ன என்று கேட்கலாம். லண்டனிலும் டொரொண்டோவிலும் மெல்பேர்னிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகளிடம் சக ஊழியர்கள் இத்தகைய புத்தகத்தை நீட்டி, “நல்ல காரியம்தானே, ஒன்று வாங்குங்கள்” என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் சுற்றுலா வளர்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறையில் வெளிநாட்டவரைக் காண்பது இப்போது புதினமில்லை. வெளியூர் யோசனைகளும் அவர்களோடு வந்து சேரும். ஆகவே மது, நாய், தர்மம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் இந்த விடயத்தில் மார்க்கம் சொல்வதைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

தெரபி நாய் என்றால் என்ன?

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் வேறு, தெரபி நாய் வேறு. வழிகாட்டி நாய் ஒருவருக்கென்றே பயிற்றப்பட்டு அவரோடு வாழ்கிறது. தெரபி நாயோ பொறுமையும் சாதுவான குணமும் சோதிக்கப்பட்ட பின், அதன் உரிமையாளரோடு வைத்தியசாலை, முதியோர் இல்லம், விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பாடசாலை ஆகிய இடங்களுக்குப் போய்வருகிறது. நோயாளி அதைத் தடவுகிறார், அதனோடு பேசுகிறார். அந்த நேரத்தில் பதற்றம் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இது மருந்துக்கு மாற்று அல்ல, துணை மட்டுமே.

அமெரிக்காவில் 1976இல் எலைன் ஸ்மித் என்ற தாதி இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆசியாவில் 1991இல் ஹொங்கொங்கில் ஜில் ரொபின்சன் ‘டொக்டர் டோக்’ என்ற பெயரில் இதை ஆரம்பித்தார். அதே திட்டத்தைச் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பும் நடத்தியது. ஆகவே இது மேற்கத்தேய ஆடம்பரம் மட்டுமல்ல. துன்பத்திலிருக்கும் மனிதனுக்கு ஓர் உயிரின் நெருக்கம் ஆறுதல் தரும் என்ற எளிய உண்மையே இதன் அடிப்படை.

பணம் உண்மையில் எங்கே போகிறது?

புத்தகத்தின் விலையில் தொண்டு அமைப்புக்குக் கிடைப்பது ஒரு முறை வரும் சிறு தொகை. ஆனால் முத்திரைக்காக ஒவ்வோர் இடத்துக்கும் போகிறவர் அங்கே மேலும் குடிக்கிறார், உண்கிறார், நண்பர்களையும் அழைத்துச் செல்கிறார். அந்த வருமானம் வியாபாரிக்குரியது. மொத்தத்தில் இது தொண்டின் பெயரால் நடக்கும் மது விளம்பரம். நமது நாட்டில் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கிறது. எனவே இத்தகைய திட்டத்தை இங்கே கொண்டுவர நினைப்பவர் மார்க்கத்தை மட்டுமல்ல, நாட்டின் சட்டத்தையும் யோசிக்க வேண்டியிருக்கும்.

நன்மை இருப்பதாலேயே ஹலால் ஆகுமா?

“பணம் நல்லதற்குத்தானே போகிறது” என்பது புதிய வாதமல்ல. ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் கொண்டு அதன் பங்குகளுக்குச் சூதாடினார்கள். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதைப் பெருமையாகக் கருதினார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அதுவும் ஒரு வகை நிதி திரட்டல்தான். ஸூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. அந்தப் பயனைவிடப் பாவம் பெரிது என்றே சொல்கிறது. பின்னர் ஸூரத்துல் மாஇதாவின் 90ஆம் வசனம் இரண்டையும் முற்றாக விலக்கியது.

மதீனாவில் மது தடை செய்யப்பட்டபோது அபூதல்ஹா (ரழி) அவர்களிடம் அநாதைகளுக்கு வாரிசுரிமையாக வந்த மது இருந்தது. அதை என்ன செய்வதென்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். கொட்டிவிடும்படி பதில் வந்தது. வினாகிரியாக மாற்றலாமா என்று கேட்டபோதும் அனுமதி கிடைக்கவில்லை. அபூதாவூதில் வரும் இந்தச் செய்தி நமது கேள்விக்கு நேரடியான பதிலைத் தருகிறது. அநாதையின் சொத்தைவிடப் பாதுகாக்கப்பட வேண்டிய பணம் வேறென்ன? அதற்காகக்கூட மது பணமாக மாற்றப்படவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஹராமான வழியில் சேர்ந்த பணத்தோடு தவ்பா செய்கிறவர், உரியவரிடம் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாதபோது ஏழைகளுக்கோ பொதுநலனுக்கோ கொடுத்துவிடலாம் என்று இமாம் கஸ்ஸாலி போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். அது பணத்திலிருந்து விடுபடும் வழி. நன்மையை எதிர்பார்த்துக் கொடுக்கும் ஸதகா அல்ல. அதைக் காட்டி ஹராமில் சம்பாதிக்கப் புறப்படவும் முடியாது.

இந்த வசனங்கள் மற்றவர்களை மட்டும் நோக்கியவை அல்ல. நமது விளையாட்டுக் கழகங்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் சில வேளைகளில் பள்ளிவாசல் கட்டடக் குழுக்களும்கூட பணம் கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு நடத்துவதுண்டு. முதற்பரிசு மோட்டார் சைக்கிள், நோக்கம் கூரை வேலை. மதுவோடு சூதும் அதே வசனத்தில்தான் வருகிறது. பியர் புத்தகத்தைக் கண்டு முகம் சுளிக்கும் நாம் சீட்டிழுப்புப் புத்தகத்தைத் தயக்கமின்றி விற்பது நியாயமா?

நாய் விடயத்தில் நமது நிலை

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். நாய் கடுமையான நஜீஸ், அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அதன் சட்டம். மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானது. நாயும் உடலும் உலர்ந்திருக்கும்போது படுவதால் நஜீஸ் பரவாது என்பதும் நமது மத்ஹபுக் கிதாபுகளில் உள்ளதே. வேட்டை, கால்நடை, பயிர்க் காவல் ஆகிய தேவைகளுக்கு நாய் வளர்க்க ஹதீஸ்கள் அனுமதிக்கின்றன. காரணமின்றி வளர்ப்பதை அவை கண்டிக்கின்றன. 2008இல் பிரிட்டனின் லெஸ்டர் நகரில் ஒரு பள்ளிவாசல், பார்வையற்ற இளைஞர் ஒருவரின் வழிகாட்டி நாய் தொழுகை முடியும்வரை வாசலருகே ஒதுக்கப்பட்ட இடத்தில் தங்க அனுமதித்தது. தேவை வரும்போது உலமாக்கள் வழி காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நஜீஸ் என்பது கழுவுவது பற்றிய சட்டம். வெறுப்பதற்கான அனுமதி அல்ல. தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் அள்ளிக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. குகைவாசிகளோடு இருந்த நாயை அல்குர்ஆன் குறிப்பிடுகிறது. நாய் என்பதற்காக ஒரு நற்பணியை ஒதுக்குவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. ஸகாத் எட்டுக் கூட்டத்தாருக்குரியது, அதை விலங்குகளுக்குச் செலவிட முடியாது. ஸதகாவுக்கு அந்தத் தடை இல்லை.

தீவகத்தின் தேவை

தீவுப்பகுதி மக்கள் சுமக்கும் காயங்கள் பல. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 20க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். யாழ் நகரத்தவருக்கு இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. யுத்தம் மனங்களில் ஏற்படுத்திய பாதிப்பைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். கடல் கடந்து யாழ்ப்பாணம் போய்த்தான் மனநல வைத்தியரைக் காண வேண்டிய நெடுந்தீவுத் தாய்க்கும், புத்தளத்திலிருந்து திரும்பிவந்து உடைந்த சுவரைப் பார்த்து நின்ற சோனகத் தெருக் குடும்பத்துக்கும் தேவைப்படுவது ஒன்றுதான். பக்கத்தில் இருந்து கேட்க ஒருவர் வேண்டும்.

உயிரினங்களின் தேவையும் இருக்கிறது. 2006இலிருந்து நாட்டில் கட்டாக்காலி நாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே விசர்நாய்த் தடுப்பூசியும் கருத்தடையுமே மிஞ்சியிருக்கும் வழிகள், அவற்றுக்குப் பணமும் ஆளும் வேண்டும். நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் வரட்சிக் காலத்தில் நீரின்றி வாடுகின்றன. தாகத்துக்கு நீர் கொடுத்த ஹதீஸை மிம்பரில் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இது அந்நியமான வேலையாக இருக்க முடியாது.

ஒரே பாளை, இரண்டு வழி

தீவகத்தில் பியர் உற்பத்திச்சாலை இல்லை, பனை இருக்கிறது. சீவல் தொழிலாளி பாளையைச் சீவி முட்டி கட்டுகிறார். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது கருப்பணி. பூசாவிட்டால் சில மணி நேரத்தில் அது புளித்துக் கள்ளாகித் தவறணைக்குப் போகும். மரம், தொழிலாளி, உழைப்பு எதுவும் மாறுவதில்லை. இடையில் இருப்பது ஒரு கைச் சுண்ணாம்பு. பேரீச்சையிலிருந்தும் திராட்சையிலிருந்தும் மதுவும் வருகிறது, நல்ல உணவும் வருகிறது என்று ஸூரத்துந் நஹ்லின் 67ஆம் வசனம் சொல்வதன் உதாரணம் நமது கண்முன்னே நிற்கிறது.

கருப்பணியைக் காய்ச்சினால் பனங்கட்டி. பழத்திலிருந்து பனாட்டு, கிழங்கிலிருந்து ஒடியலும் புழுக்கொடியலும் வருகின்றன. பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இந்தப் பொருட்களை வளர்க்க முயன்று வருகிறது. ஆனாலும் கள்ளுக்கு உடனே காசு, பனங்கட்டிக்கு விறகும் நேரமும் வேண்டும். அதனால் தொழிலாளி கள்ளின் பக்கம் போவதில் வியப்பில்லை. அவரைக் குறைசொல்வதில் பயனில்லை. கருப்பணிக்கு நல்ல விலை கிடைக்கச் செய்வதே பயனுள்ள வேலை.

ஆகவே அந்தக் கடவுச்சீட்டு யோசனையில் மதுவை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். ‘தீவக முத்திரைப் புத்தகம்’ ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஊர்காவற்றுறையில் கடற்கோட்டையைப் பார்த்து ஒரு முத்திரை, வேலணை சாட்டிக் கடற்கரையில் ஒன்று, கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் உள்ள நயினாதீவில் ஒன்று, நெடுந்தீவின் பெருக்கு மரத்தடியில் ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் கருப்பணி, பனங்கட்டிக் குட்டான், புழுக்கொடியல் விற்கும் உள்ளூர்ப் பெண்களின் கடை. குலுக்கல் பரிசு வேண்டாம். புத்தகத்தை நிறைத்த எல்லோருக்கும் ஒரு பனையோலைப் பை போதும். சேரும் பணத்தின் கணக்கை வெளிப்படையாக அறிவித்து, ஒரு பகுதியைத் தீவுகளில் மனநல ஆலோசனைக்கும் மறுபகுதியை விலங்குகளின் தடுப்பூசிக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கொடுக்கலாம். யாழ் முஸ்லிம் வர்த்தகர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தீவகத்துக் கூட்டுறவுச் சங்கங்களோடு பேசி இதைத் தொடங்க முடியும். 1990இல் அறுந்த உறவுகள் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் மெல்ல ஒட்டும்.

வெளிநாட்டில் அந்தப் பியர் புத்தகம் நீட்டப்படும் சகோதரருக்கும் இதே வழிதான். புத்தகத்தை வாங்காமல், அந்தத் தொண்டு அமைப்புக்கு நேரடியாக ஒரு தொகையைக் கொடுத்துவிடலாம். காரணம் கேட்டால் பணிவாகச் சொல்லலாம். “ஹராம்” என்று சொல்லி விலகுவதோடு நமது கடமை முடிந்துவிடுவதில்லை. மதுவை விலக்கச் சொன்ன அதே மார்க்கம்தான் தாகத்திலிருந்த நாய்க்கு நீர் கொடுத்தவரையும் புகழ்ந்தது. முதலாவதை நாம் ஓரளவு காப்பாற்றி வருகிறோம். இரண்டாவதையும் செய்யும் மனதை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக.