கம்பின் இரும்பும் காட்டுக்கனியின் புளிப்பும்

ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பாவோபாப் பழப்பொடியைக் கஞ்சியில் கலந்து பருகினால் இரத்தசோகை நீங்குமா, ஆரஞ்சைக் காட்டிலும் ஆறு மடங்கு வைட்டமின் சி அதில் உண்டென்று டப்பாவில் அச்சிட்டிருப்பது மெய்தானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பின்னதை முதலில் தீர்த்துவிடலாம். 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் ஏறக்குறைய 87 கிராம் வெறும் நீர். மரத்திலேயே ஓட்டுக்குள் உலர்ந்து மாவாகிவிடும் பாவோபாப் சதையை அதனோடு எடைக்கு எடை ஒப்பிடுவது நியாயமன்று. ஆரஞ்சின் நீரையும் நீக்கிக் கணக்கிட்டால் அந்த ஆறு மடங்கு அடியோடு மறைந்துவிடும்.

ஆயினும் விளம்பரம் மிகையென்பதற்காகப் பழத்தைத் தள்ளிவிடலாகாது. அதன் விசேஷம் தானியத்தோடு சேரும்போதுதான் விளங்குகிறது. செனகல் நாட்டுக் கிறிஸ்தவர்கள் பெரிய வெள்ளியன்று சமைத்து முஸ்லிம் அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்தளிக்கும் ‘ஙலாக்’ என்னும் பதார்த்தத்தில், கம்பு மாவைச் சிறு மணிகளாக உருட்டி ஆவியில் வேகவைத்து, பாவோபாப் சதையை நீரில் ஊறவைத்துக் கரைத்து வடித்த சாற்றை நிலக்கடலை விழுதோடும் சர்க்கரையோடும் சேர்த்து அதன்மேல் ஊற்றுகிறார்கள். பாவோபாப் சாறு நெருப்பைக் காண்பதேயில்லை. சூட்டில் எளிதில் அழியும் வைட்டமின் சி தப்பிவிடுகிறது.

அது தப்புவதால் நேரும் பயனே என்னைப் பரவசப்படுத்துவது. கம்பில் இரும்பு மிகுதி. ஆனால் உடம்பில் சேர்வது நூற்றில் சில பங்கே. கலியாண வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கையைப் பற்றிக்கொண்டு விடாமல் பேசும் தூரத்து உறவினரைப்போல, கம்பிலேயே உள்ள பைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்து வைத்திருக்கிறது. பந்தி வாயிலாகிய குடற்சுவரில் நிற்கும் கடத்துப் புரதமோ, மூன்று மின்னேற்றமுள்ள இரும்பைத் திருப்பியனுப்பி, இரண்டு மின்னேற்றமுள்ளதையே உள்ளே விடும். அங்கே வருகிறாள் வைட்டமின் சி என்னும் சித்தி: விருந்தாளிக்கு ஓர் எலக்ட்ரானை ஈந்து வாயிலுக்கேற்ற கோலமாக்கி, உறவினர் பிடிக்குள் மீண்டும் அகப்படாதபடி தானே கைப்பிடித்து அழைத்துச் செல்கிறாள். வயிற்றுப் புளிப்பு தணிந்து, இரும்பு கரையாமல் படியத் தொடங்கும் சிறுகுடல் முற்பகுதியிலும் அவள் பிடி தளர்வதில்லை. ஆனால் இலையெடுத்த பின்பு வந்தால் பிரயோஜனமில்லை; காலையில் பழமும் இரவில் கம்பும் உண்பவருக்கு இந்த உபகாரம் கிட்டாது.

சரித்திரம் வேண்டுவோர்க்கு: 1749-இல் செனகல் சென்ற பிரெஞ்சுக்காரர் மிஷெல் அதான்சோனின் பெயரையே லின்னேயஸ் பாவோபாப் மரத்துக்குச் சூட்டினார், ஐரோப்பிய ஒன்றியம் பழச்சதையை உணவாக விற்க 2008-இல் இசைந்தது. மன்னாரில் பெருக்கமரம் என்று நிற்பதும் இதுவே.

இனி வாசகரின் முதல் வினா. ஒரு பெரிய கரண்டி, அதாவது 10 கிராம் பொடியில், சுமார் 25 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கலாம். மரத்துக்கு மரம் அளவு பெரிதும் மாறும். அவ்வளவே அந்த வேளை உணவின் இரும்பை உடம்பு கிரகிப்பதைக் கணிசமாக உயர்த்தப் போதுமெனினும், கொக்கிப்புழுவாலோ மிகுந்த மாதவிடாயாலோ இரத்தம் இழப்பவருக்கு அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் கஞ்சியை மட்டும் நம்புவது தகாது. கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகே பொடியைக் கலக்க வேண்டும். பாலின் சுண்ணச்சத்து இரும்பைத் தடுக்குமாதலால் பால் சேர்க்கலாகாது. டப்பா வாங்க இயலாதவர் கம்பங்கூழோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளலாம். சித்தியின் வேலையை அதுவும் செவ்வனே செய்யும்.