தணலுக்கு முன் ஒரு பக்குவம்

இறைச்சியைத் தணலில் வாட்டி உண்ணும் வழக்கம் உலகில் பல நாடுகளில் உண்டு. ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்தில் மாட்டிறைச்சியை அரிந்து, கொழுந்தணலில் சுட்டெடுப்பதனை மேனாட்டார் ‘ஸ்டேக்’ என்பர். பெருநகரங்களில் வளரும் நம் பிள்ளைகள் இதனை உணவு விடுதிகளில் சுவைத்துவிட்டு, வீட்டிலும் செய்து தருமாறு கேட்கின்றனர். ஊற வைக்கும் கலவைகளும் மேலே தேய்க்கும் பொடிகளும் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் உள்ளவை பெரும்பாலும் நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பவையே. எந்தப் பொருள் எவ்வேலையைச் செய்கிறது என்பதை அறிந்து கொண்டால், மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் நாம் அந்தச் செலவை மிச்சப்படுத்தலாம். விலை கொடுத்து வாங்கிய இறைச்சியும் வீணாகாது.

பிற நாட்டார் செய்வதைச் சற்றுப் பார்ப்போம். அர்ஜென்டினா நாட்டார் பெரும்பாலும் கல்லுப்பு ஒன்றையே தூவிச் சுடுகின்றனர். பூண்டு, பார்சிலி இலை, காடி, எண்ணெய் சேர்ந்த ‘சிமிசுர்ரி’யைச் சுட்ட பிறகே தொட்டுக் கொள்கின்றனர். கொரிய நாட்டார் மெல்லிய இறைச்சித் துண்டுகளைச் சோயா சாறு, பூண்டு, சர்க்கரை, பேரிக்காய்ச் சாறு ஆகியவற்றில் ஊற வைத்து ‘புல்கோகி’ செய்கின்றனர். 1936-ஆம் ஆண்டு ஜப்பானுக்குச் சென்ற ரஷ்யப் பாடகர் ஷாலியாபினுக்குப் பல் உபாதை இருந்தமையால், டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலில் இறைச்சியைத் தட்டி மெலிதாக்கி, அரிந்த வெங்காயத்தில் ஊற வைத்துச் சமைத்துக் கொடுத்தனர். அவ்வுணவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவை அனைத்திலும் தலையாயது உப்பே. மசாலாவின் மணம் இறைச்சியின் மேற்பரப்பைக் கடந்து அதிகம் உட்செல்வதில்லை. உப்பு மட்டுமே ஆழச் செல்லும். உப்பிட்டவுடன் இறைச்சி நீர் விடும். முக்கால் மணி நேரம் பொறுத்தால் அந்நீரை உப்புடன் சேர்த்துத் தானே உறிஞ்சிக் கொள்ளும். ஆகவே முன்னிரவே உப்பிடுதல் மிக நன்று. இயலாதெனில், சுடும் தருணத்தில் இடுக. இடைப்பட்ட நேரத்தில் இட்டால் மேற்பரப்பு ஈரமாகவே நிற்கும்.

இரயில் வண்டிகளுக்குக் கால அட்டவணை இருப்பது போல் ஊற வைக்கும் பொருள்களுக்கும் நேரக் கணக்கு உண்டு. எலுமிச்சை, காடி போன்ற கடும் புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் மேற்பகுதி வெளிறி வறண்டுவிடும். ஒரு மணி நேரம் போதும். தயிர் மென்மையானது, நான்கு மணி நேரம் இருக்கலாம். பச்சைப் பப்பாளியிலும் பச்சை அன்னாசியிலும் உள்ள நொதி தசையையே அறுக்கவல்லது. கறி மெத்தென்று வேக நம் பாட்டிமார் பப்பாளித் துண்டு போட்டதன் காரணமும் இதுவே. அளவு மிகுந்தால் இறைச்சி கூழாகிவிடும்.

சுட்ட இறைச்சியின் செம்பழுப்பு நிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான இரசாயன மாற்றத்தை 1912-இல் பிரெஞ்சு அறிஞர் மயார் விளக்கினார். மேற்பரப்பு ஈரமாக இருந்தால் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே கழிந்துவிடும். ஆதலின் சுடுமுன் கலவையை வழித்து, துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். சர்க்கரை விரைவில் கருகுமாதலால் அதனை இறுதியில் பூசுக.

ஸ்டேக் மாட்டிறைச்சிக்குரிய பெயராயினும், இவ்விதிகள் ஆட்டிறைச்சிக்கும் பொருந்தும். மாட்டிறைச்சி உண்ணாத இல்லங்களில் ஆட்டுத் தொடைக்கறியைத் தட்டையாக அரிந்து கொள்ளலாம். இரு முறைகள் வருமாறு. அளவு ஒரு கிலோ இறைச்சிக்கு:

தேய்க்கும் பொடி: உப்பு 2 தேக்கரண்டி, கொரகொரப்பான மிளகுத்தூள் 2 தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த மல்லி, சீரகம் வகைக்கு 1 தேக்கரண்டி. உப்பை முன்னிரவும், மற்றவற்றைச் சுடுமுன்னரும் தேய்க்க.

ஊறும் கலவை: கெட்டித் தயிர் 200 கிராம், இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. நான்கு மணி நேரம் ஊற வைத்து, பச்சைப் பப்பாளி விழுது 1 மேசைக்கரண்டியைக் கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் சேர்க்க. பீங்கான் அல்லது எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. புளிப்புக்குப் பித்தளையும் அலுமினியமும் ஆகா.

சுவையினும் பெரிது உடல்நலம். ஊறும் இறைச்சி குளிர்பதனப் பெட்டியினுள் இருத்தல் வேண்டும். நம் வேனிற்காலத்தில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைப்பது ஆபத்து. பச்சை இறைச்சி ஊறிய கலவையைக் கொதிக்க வைக்காமல் சுட்ட கறி மீது ஊற்றலாகாது. முழுத் துண்டின் உட்புறம் 63 பாகை செல்சியசும், கொத்திய கறி 71 பாகையும் எட்டுதல் வேண்டும். கரியடுப்பை மூடிய அறையில் மூட்டவே கூடாது. அதன் நச்சுவாயு மணமின்றி உயிரைப் பறிக்கும். மொட்டை மாடியோ முற்றமோ தான் அதற்குரிய இடம்.

சுட்டெடுத்த துண்டை ஐந்து நிமிடம் ஆற விட்டு, தசையின் இழைக்குக் குறுக்காக அரிந்து பரிமாறுக. முதியோரும் குழந்தைகளும்கூட எளிதில் மென்று உண்பர்.