பாறை ஏறும் கைக்கு எதைப் பூசுவது?

நம் ஊர்க் கடையில் போய் "அண்ணே, ஒரு பாம் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். தலைவலித் தைலம்தான் எடுத்துத் தருவார். அமிர்தாஞ்சன் 1893-இல் வந்ததிலிருந்து நமக்குப் பாம் என்றாலே நெற்றி, மூக்கடைப்பு, சளி, அவ்வளவுதான். பாறை ஏறுகிறவர்கள் 'ஹேண்ட் பாம்' என்று சொல்வது வேறு சரக்கு. அதில் சுரீர் என்ற எரிச்சல் இருக்காது, கண்ணில் தண்ணீர் வராது. உள்ளங்கைத் தோலைக் காப்பாற்றுவது ஒன்றுதான் அதன் வேலை.

என்.சி.சி. முகாமில் பாறை ஏற்றப் பயிற்சி முடிந்து திரும்பிய வாரத்தில் ஹாஸ்டலில் ஆறேழு பேர் கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "இதுக்கு என்னடி போடறது?" நான் டாக்டர் இல்லை, கட்டடப் பிரிவு இரண்டாம் ஆண்டு மாணவி. தோல் பற்றிய புத்தகங்களை லைப்ரரியில் எடுத்துப் படித்தவள் என்பது ஒன்றே என் தகுதி. ஆளுக்கு ஒரு தரம் சொல்வதைவிட ஆண்டு மலரில் எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஆகும் என்று எழுதுகிறேன்.

முதலில் தோல். நம் கண்ணிமையின் மேல்தோல் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதே மேல்தோல் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். முப்பது மடங்கு! அதன் வெளிப்பகுதி முழுக்கச் செத்துக் காய்ந்த செல் அடுக்குகள். இந்த செல்களைச் செங்கல் என்றும், இடையில் இருக்கும் கொழுப்பைச் சாந்து என்றும் தோல் மருத்துவர்களே சொல்கிறார்கள். கட்டடப் பிரிவுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சாந்து போன சுவர் என்ன ஆகுமோ அதுதான் தோலும் ஆகும். விரிசல் விடும்.

இன்னொரு விஷயம் எனக்கே புதிதாக இருந்தது. உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம், எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. முகத்தில் எண்ணெய் வழிகிறது என்று பவுடர் போடுகிறோமே, அந்த எண்ணெய் உள்ளங்கைக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆகவே அங்கே இருக்கிற கொஞ்சநஞ்சக் கொழுப்பையும் சோப்பும் சுண்ணப்பொடியும் எடுத்துக்கொண்டு போனால், வெளியிலிருந்து நாம்தான் ஈடு செய்ய வேண்டும்.

இப்போது பாறை. நம் பக்கத்து மலைகள் பெரும்பாலும் கிரானைட் வகை. அதில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, நம் நகம் 2.5. அந்தப் படிகங்கள் முனை முனையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முழு உடம்பையும் நான்கு விரல் நுனியில் தொங்கவிடும்போது, பிடி சற்று வழுக்கினாலும் அந்த முனைகள் தோலைச் சீவி எடுத்துவிடும். கர்நாடகத்தில் ஏறுகிறவர்கள் நிறையப் போகும் இரண்டு இடங்கள் பாதாமியும் ஹம்பியும். பாதாமி மணற்பாறை, ஹம்பி கிரானைட் உருண்டைகள். கையை அதிகம் தின்பது ஹம்பிதான்.

வழுக்காமல் இருக்கத்தான் வெள்ளைப் பொடி. அது மெக்னீசியம் கார்பனேட். ஜிம்னாஸ்டிக் வீரர்களின் பொடியை 1950-களில் பாறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஜான் கில் என்பவர். அவரே ஜிம்னாஸ்டிக் வீரர், பிறகு கணிதப் பேராசிரியர். நம் பையன்கள் வகுப்பறை சாக்பீஸைப் பொடித்துக் கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது பெரும்பாலும் ஜிப்சம், வியர்வையை அந்த அளவுக்கு இழுக்காது. சரியான பொடியோ வியர்வையை உறிஞ்சுவதோடு நிற்காது, தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சும். இங்கேதான் சிக்கல். நனைந்த கை வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறிக் காய்ந்த கையும் வழுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. காய்ந்த தோல் கண்ணாடி மாதிரி விறைத்துப் பாறையின் மேடு பள்ளத்தில் அமுங்காது, உராய்வு குறைந்துவிடும். அதே தோல்தான் விரல் மடிப்பில் பட்டென்று வெடிக்கும்.

ஆக, ஏறுகிறவருக்கு வேண்டியது தடித்த தோல், உலர்ந்த தோல், ஆனால் வளைகிற தோல். இந்த மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். "கை காய்ச்சுப் போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் ஆகாது" என்று ஒரு நம்பிக்கை. காய்ப்பு நல்லதுதான், ஆனால் அது சமமாக இருக்க வேண்டும். திட்டாக, விளிம்பு தூக்கி நின்றால் பாறையின் முனை அந்த விளிம்பில்தான் மாட்டும், காய்ப்போடு அடித்தோலும் உரிந்து வரும். அதனால் ஏறுகிறவர்கள் பையில் உப்புத்தாள் வைத்திருப்பார்கள். 150 அல்லது 220 நம்பர் தாள், கை உலர்ந்திருக்கும்போது விளிம்பை மட்டும் லேசாகத் தேய்த்தால் போதும். காய்ப்பையே எடுத்துவிடக் கூடாது.

இனி பாம். கைக்குப் பூசும் எந்தச் சரக்கும் மூன்று வேலையில் ஒன்றையோ இரண்டையோதான் செய்கிறது. கிளிசரின், யூரியா போன்றவை தண்ணீரை இழுத்துப் பிடித்து வைக்கும். தாவர எண்ணெய்கள் செங்கல்களுக்கு இடையே போய்ச் சாந்து வேலை பார்க்கும். தேன்மெழுகு, லானோலின், பெட்ரோலியம் ஜெல்லி இவை மேலே மூடி போல உட்கார்ந்து உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகாமல் தடுக்கும். டப்பாவின் முன்பக்கத்தில் என்ன படம் போட்டிருந்தாலும் சரி, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதலில் 'தண்ணீர்' என்று இருந்தால் அது கிரீம். கிரீம் சீக்கிரம் ஊறித் தோலை மெத்தென்று ஆக்கும். முகத்துக்கு அது நல்லது. நாளைக்குப் பாறை ஏறப் போகிற விரல் நுனிக்கு அவ்வளவு நல்லதில்லை, மெத்தென்ற தோல் சீக்கிரம் கிழியும். தண்ணீரே இல்லாமல் மெழுகும் எண்ணெயும் மட்டும் இருந்தால் அதுதான் ஏறுகிறவர்கள் தேடும் பாம்.

பெட்ரோலியம் ஜெல்லி 1872-இல் வாசலைன் என்று காப்புரிமை பெற்ற பழைய சரக்கு. மலிவு, ஒவ்வாமை மிக அபூர்வம், மூடி வேலையை அதைப் போலச் செய்வது வேறில்லை. குறை என்னவென்றால் பிசுபிசுப்பு, தொட்ட இடமெல்லாம் ஒட்டும். வெடித்த இடத்தில் மட்டும் ராத்திரி வைத்துத் துணி சுற்றிப் படுத்தால் நல்ல பலன். யூரியா கலந்த களிம்பில் சதவீதம் பாருங்கள். 5, 10 என்றால் ஈரம் பிடிக்கும். 20, 40 என்று போனால் காய்ப்பையே கரைக்கும், அது நமக்கு எதிரி. வாசனை தூக்கலாக இருப்பதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். வாசனைப் பொருள்தான் பலருக்கு அரிப்பைக் கொண்டுவருகிறது. தலைவலித் தைலத்தை உரிந்த கையில் தடவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மிகவும் முக்கியமாக ஒன்று. மருந்துக் கடையில் "படைக்குப் போடற ஆயின்மென்ட்" என்று தருகிறார்களே, அதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று பெயர் இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். நாள்பட்ட உபயோகத்தில் அது தோலை மெல்லியதாக்கிவிடும். நாமோ தோல் தடிக்க வேண்டும் என்று தவம் இருக்கிறோம்!

எப்போது பூசுவது? ஏறுவதற்கு முன் கூடவே கூடாது. ஏறி முடித்ததும் சாதாரணத் தண்ணீரில் பொடியைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். இதைச் செய்யாமல் பாம் போடுவது தூசி மேல் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி. ஈரம் துடைத்து, பட்டாணி அளவு எடுத்து விரல் மடிப்பு, நுனி, காய்ப்பு விளிம்பு எல்லாம் தேய்த்து, தூங்கிவிட வேண்டும். கை நிறைய வியர்க்கிறவர்கள் குறைவாகப் பூசினால் போதும். எப்போதும் வறண்டிருக்கிற கை என்றால் காலையிலும் ஒரு தரம்.

எங்கள் அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "பொட்டப் புள்ள கை இப்படி இருந்தா நாளைக்கு எவன்டி கட்டுவான்" என்கிறார். அவர் சொல்வதில் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் மெத்தென்ற கை யாருக்கு இருக்கிறது? அம்மா சித்தாள் வேலை. பதினாறு வருஷமாகக் கலவை சுமந்த கை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்திதான், அந்தக் கையால்தான் தாண்டினேன். தோல் பற்றிப் படிக்கத் தொடங்கியது முகாமுக்காக என்றாலும், படிக்கப் படிக்க அம்மா கைதான் கண்ணில் நின்றது.

பாறை உரசித் தேய்த்த கையும் சிமெண்ட் தின்ற கையும் பார்ப்பதற்கு ஒன்று போல் இருக்கும். ஆனால் ஒன்றல்ல. ஈர சிமெண்டின் பி.எச். 12-க்கும் மேல், நம் தோல் சுமார் 5. அது சாந்துக் கொழுப்பையே அரித்துவிடும். போதாததற்கு சிமெண்டில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கி, அரிப்பும் தடிப்புமாக வருஷக்கணக்கில் நிற்கும். மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் சிமெண்ட் பேஸ்டை வெறுங்கையால் பிசைகிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும். இதற்கு எந்தப் பாமும் கவசம் ஆகாது. ரப்பர் கையுறை, உடனே நல்ல தண்ணீரில் கழுவுதல், இரண்டும்தான் வழி. பாம் அதற்குப் பிறகுதான். சைட்டில் கையுறை கேட்டால் மேஸ்திரி சிரிக்கிறாராம். நான் இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அம்மா ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்.

பாமை நாமே செய்யலாம், செலவு சொற்பம். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கிடைக்கும். 20 கிராம் மெழுகுக்கு 60 கிராம் தேங்காய் எண்ணெய். இரண்டையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைக் கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், ஹாஸ்டலில் முயற்சி செய்யாதீர்கள். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகும். உருகியதும் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவைத்துப் பாருங்கள். கல்லாக இருந்தால் எண்ணெய் கொஞ்சம், கூழாக இருந்தால் மெழுகு கொஞ்சம். தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்கு மேல் இளகிவிடும், நம் வெயிலுக்கு மெழுகு குறைந்தால் டப்பாவில் பாம் ஓடிக்கொண்டிருக்கும். உலர்ந்த டப்பாவில் ஊற்றுங்கள், தண்ணீர் சேர்ந்தால் பூசணம் பிடிக்கும். நான் செய்ததில் பாதி என்னிடம், பாதி அம்மாவிடம். அம்மாவின் கட்டைவிரல் வெடிப்பு மூன்று வாரத்தில் மூடிவிட்டது. மற்ற விரல்களில் இன்னும் இருக்கிறது.

கடைசியாகக் காயம். விரல் நுனி சிவந்து பளபளத்து, ஈரம் கசிவது போல் தெரிந்தால் அன்றைக்கு இறங்கிவிட வேண்டும். அடுத்த ஏற்றத்தில் ரத்தம் வரும். தோல் உரிந்து தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, தொங்குகிற செத்த தோலை மட்டும் சுத்தமான கத்தரியால் வெட்டி, மேலே வாசலைன் வைத்துக் கட்டுப் போடுங்கள். "காத்தாட விடு, காயட்டும்" என்பார்கள் பெரியவர்கள். ஈரப்பதத்தில் வைத்த காயம்தான் சீக்கிரம் ஆறுகிறது என்று ஜார்ஜ் வின்டர் என்பவர் 1962-லேயே பன்றிகளை வைத்து ஆய்ந்து காட்டிவிட்டார். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். ஆழமாகக் கிழிந்து மண் புகுந்திருந்தால் டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கை சுற்றிச் சிவந்து சூடாகி வீங்கினால் பாமை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த முகாமுக்கு வருகிறவர்கள் நகவெட்டி, ஒரு ரோல் பிளாஸ்டர், ஒரு சின்ன டப்பா பாம் கொண்டு வந்தால் போதும். உப்புத்தாளுக்கு என்னிடம் வராதீர்கள். கார்பென்ட்ரி செக்ஷனில் துண்டு துண்டாகக் கிடக்கிறது, சாரிடம் கேட்டுவிட்டுப் புதுத் துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.