அல்லும் ‘தி’யும்

கடல் கடந்த இங்கிலீஷ் – 11

துபாயில் 2011இல் ஓடத் தொடங்கிய பச்சைத் தட மெட்ரோவில் அல் குசைஸில் ஏறினால், அடுத்தடுத்து வரும் ஸ்டேஷன்களில் ஒன்று அல் நஹ்தா. இரண்டு பலகைகளிலும் முன்னால் நிற்பது ஒரே ‘அல்’. அரபு பேசும் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். குசைஸுக்கு ‘அல்’ என்றே வரும். நஹ்தா என்றதும் ‘அன்-நஹ்தா’ ஆகிவிடும். சாலை தாண்டி இருக்கும் ஷார்ஜா, அரபியில் ‘அஷ்-ஷாரிகா’.

அரபு எழுத்துகள் 28. அவற்றில் 14 எழுத்துகள், தமக்கு முன்னால் வரும் லகரத்தைத் தம் ஒலியாகவே மாற்றிக்கொள்ளும். இவை சூரிய எழுத்துகள். மற்ற 14, லகரத்தைத் தொந்தரவு செய்யாத சந்திர எழுத்துகள். நமக்கு இது புதிதா என்ன? நல் என்பதோடு நூல் சேர்ந்தால் நன்னூல் ஆகிறதே, அதே புணர்ச்சிதான். எழுதும்போது மட்டும் அவர்கள் ‘அல்’லை மாற்றுவதில்லை. பலகையும் அப்படியே நிற்கிறது.

ஓர் எச்சரிக்கை. அல் மக்தூம், அல் நஹ்யான் என்று ஆட்சிக் குடும்பப் பெயர்களில் வருவது இந்த ‘அல்’ இல்லை. அது குடும்பம், வம்சம் என்று பொருள்படும் ‘ஆல்’, நெடில். இங்கிலீஷ் எழுத்தில் இரண்டும் ஒரே உருவம் ஆகிவிட்டன. அதனால்தான் நஹ்தா ‘அன்-நஹ்தா’ ஆனாலும், நஹ்யான் ‘அன்-நஹ்யான்’ ஆவதில்லை.

ஊர்ப் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘அல்’, இங்கிலீஷ் ‘தி’யின் அரபுப் பங்காளி. ஆல்ஜீப்ரா, ஆல்கஹால் இரண்டும் இந்த ‘அல்’லை வயிற்றில் வைத்துக்கொண்டே ஐரோப்பாவுக்குப் போன சொற்கள். ஆகவே ‘தி ஆல்கஹால்’ என்பவர் ‘தி’யை இரண்டு முறை சொல்கிறார். யாரும் கண்டுகொள்வதில்லை.

கண்டுகொள்வதெல்லாம் ஆபீஸ் மெயிலில்தான். அரபு மேனேஜர் ‘தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்’ என்று எழுதுவார். வாழ்க்கை, அன்பு, பொறுமை எல்லாவற்றுக்கும் அவர் மொழியில் ‘அல்’ உண்டு. கீழே வேலை பார்க்கும் நம்மவர் ‘ஐ கேவ் ஃபைல் டு டிரைவர்’ என்று எழுதுவார். எந்த ஃபைல், எந்த டிரைவர் என்பது இருவருக்கும் தெரியும், அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்பது நம் மொழி கற்றுத்தந்த வழக்கம். அவரிடம் மிஞ்சும் ‘தி’யை எடுத்து இவருக்குக் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். இரண்டு பேரும் படிக்காதவர்கள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இருவரும் அவரவர் தாய்மொழி இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள்.

தமிழில் ‘தி’ அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. ‘சாவி கேட்டான்’ என்றால் ஏதோ ஒரு சாவி. ‘சாவியைக் கேட்டான்’ என்றால் நமக்குத் தெரிந்த அந்தச் சாவி. ஐ உருபு சத்தமில்லாமல் ‘தி’யின் வேலையைச் செய்கிறது. அதனால் ஒரு வாக்கியத்தைத் தமிழில் நினைத்துப் பார்க்கும்போது ‘ஐ’ கேட்டால், இங்கிலீஷில் பெரும்பாலும் ‘தி’ கேட்கும். ஆளைக் குறிக்கும் சொற்களுக்கு இது ஒத்துவராது. அங்கே ஐ எப்போதும் வந்துவிடும்.

‘ஏ’, ‘ஆன்’ குழப்பத்துக்கு இன்னும் எளிய மருந்து நம் கையிலேயே இருக்கிறது. ஒரு வீடு, ஓர் ஊர் என்று எழுதுகிறோம் அல்லவா? அதே விதி. அடுத்து வரும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிர் என்றால் ‘ஆன்’, உயிர்மெய் என்றால் ‘ஏ’. யூ.ஏ.இ. விசாவுக்கு முதலில் ‘யூ’ வருவதால் ‘ஏ’. எம்.பி.ஏ.வுக்கு ‘எ’ வருவதால் ‘ஆன்’. ‘ஹவர்’ என்று எழுதிவிட்டால் ஏமாறுவீர்கள். வாயில் வருவது ‘அவர்’, எனவே ‘ஆன்’. ‘ஒன்’ என்று எழுதினாலும் ஒலிப்பது ‘வன்’. ஒரு திர்ஹம் நாணயத்துக்கு ‘ஏ’தான். எச்.ஆர். மட்டும் இழுபறி. ‘எச்’ என்பவருக்கு ‘ஆன்’, ‘ஹெச்’ என்பவருக்கு ‘ஏ’. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது அகராதிக்காரர்கள் பக்கம் நின்று ‘ஆன்’ போடுங்கள்.

இந்த ‘ன்’ எந்தப் பக்கம் சேரும் என்பதில் இங்கிலீஷ்காரர்களே தடுமாறியிருக்கிறார்கள். பழைய இங்கிலாந்தில் நடுவருக்கு ‘நம்பயர்’ போன்ற ஒரு சொல் இருந்தது. ‘ஏ நம்பயர்’ என்று சொல்லிச் சொல்லி, னகரம் இடம் மாறி ‘ஆன் அம்பயர்’ ஆனது. வெள்ளிக்கிழமை ஷார்ஜா ஸ்டேடியத்தில் நாம் திட்டித் தீர்ப்பவரின் பட்டம் இப்படிப் பிறந்ததுதான். சமையலறை ஏப்ரனுக்கும் இதே கதை. அது முன்பு நேப்ரன்.

நாட்டுப் பெயர்களைப் பொறுத்தவரை, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் இவற்றுக்கு இங்கிலீஷில் ‘தி’ கிடையாது. யூ.ஏ.இ.க்கு கட்டாயம் உண்டு, பெயரே பன்மை என்பதால். பக்கத்து சீட் பிலிப்பீன்ஸ்காரரின் நாட்டுக்கும் அப்படியே.

‘தி’ விட்டுப்போனால் வேலை ஒன்றும் கெடாது, எதிராளி புரிந்துகொள்வார். ‘ஏ’ விட்டுப்போனால் கெடும் இடம் ஒன்று உண்டு. அல் குசைஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கேம்ப் சூப்பர்வைசர், சிலருக்குக் காய்ச்சல், மாற்று ஆள் வேண்டும் என்ற எண்ணத்தில் ‘ஃபியூ ஒர்க்கர்ஸ் ஆர் சிக்’ என்று மெயில் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் அதன் பொருள், உடம்பு சரியில்லாதவர் யாரும் அநேகமாக இல்லை என்பது. ஹெட் ஆபீஸ் ஏன் ஆள் அனுப்பப் போகிறது? முன்னால் ஓர் ‘ஏ’ போட்டிருந்தால் சிலர் என்ற பொருள் வந்திருக்கும். ‘லிட்டில்’ சொல்லுக்கும் இதே கதிதான். மெயில் அனுப்பும் முன் இந்த இரண்டு சொற்களையும் மட்டுமாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பவர், பெட் ஸ்பேஸ் நோட்டீஸில் ‘எக்ஸிகியூட்டிவ் பேச்சிலர்’ ஆவது எப்படி?