முதல் மின்னேற்றத்தில் உருவாகும் தோல்

இலங்கைக் காரீயம் உலகிலேயே மிகத் தூயது என்றும், இலிதியம் அயன் மின்கலங்களுக்கான தேவை பெருகிவரும் இக்காலத்தில் அதுவே நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் என்றும் கூறும் செய்திகள் நாளேடுகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளை நிரப்பிய நாளங்களாகக் கிடைக்கும் இக்காரீயத்தில் காபன் 95 முதல் 99 சதவீதம் வரை இருப்பது உண்மையே. ஆயினும் மின்கலத்துக்குள் சென்ற காரீயத் துணிக்கை ஒன்றின் தகுதியைத் தீர்மானிப்பது அது பிறந்த சுரங்கம் அன்று. முதல் மின்னேற்றத்தின்போது அதன் மேற்பரப்பில் நிகழும் ஒரு சிதைவே அதைத் தீர்மானிக்கிறது.

ஐதரசன் மின்வாயைப் பூச்சியமாகக் கொள்ளும் அட்டவணையில் செப்பு +0.34 வோல்ற்றிலும், நாகம் −0.76 வோல்ற்றிலும், இலிதியம் எல்லாவற்றுக்கும் அடியில் −3.04 வோல்ற்றிலும் நிற்பதை உயர்தர மாணவர் அறிவர். இலிதியத்தால் நிறைந்த காரீயம் அந்த உலோகத்தைவிட ஏறத்தாழ 0.1 வோல்ற்று மட்டுமே உயர்ந்து நிற்பதால், மறுமுனையில் கோபாற்று ஒட்சைட்டை வைத்தால் ஒரே கலத்திலிருந்து 3.7 வோல்ற்று அளவில் அழுத்தம் கிடைக்கிறது.

இலிதியம் காரீயத்துக்குள் புகும் விதம் வெற்றிலைக் கட்டு ஒன்றின் இலைகளுக்கிடையே பாக்குச் சீவலைச் செருகுவதை ஒத்தது. காபன் படைகள் 0.335 நனோமீற்றர் இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. இலிதியம் ஓரத்தின் வழியாக நுழையும்போது இலைகள் கிழிவதில்லை, கட்டு மட்டும் பருத்து, இடைவெளி 0.370 நனோமீற்றர் ஆகிறது. வியப்பு என்னவெனில், சீவல்கள் எல்லா இடைவெளிகளிலும் ஒரே சமயத்தில் பரவாமல், சில இலைகளைத் தாண்டித் தாண்டி ஓர் ஒழுங்கில் அமர்ந்து, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக நெருங்கி, இறுதியில் ஆறு காபன் அணுக்களுக்கு ஓர் இலிதியம் என்ற அளவில் அனைத்தையும் நிரப்புகின்றன. ஓர் ஒழுங்கு மற்றோர் ஒழுங்காக மாறிக்கொண்டிருக்கும் வரை இரண்டும் அருகருகே இருப்பதால் மின்வாயழுத்தம் படிக்கட்டின் ஒரு படிபோல அசையாது நிற்கிறது. நிறமும் உடன் மாறுகிறது: கரிய காரீயம் முதலில் கருநீலமும், பின் செம்மையும், முழுதும் நிறைந்தபோது பொன்னிறமும் கொள்கிறது.

ஆனால் கட்டில் தெளித்த நீர் இலைகளுக்கிடையே தேங்கினால் வெற்றிலை அழுகிப் பிரிவதைப்போல, அயன்களைச் சுமந்துவரும் கரைப்பானும் உடன் புகுந்தால் காரீயப் படைகள் உரிந்து சிதறுகின்றன. புரொப்பிலீன் காபனேற்று என்னும் கரைப்பான் செய்வது இதுவே. அதைவிட ஒரே ஒரு மெதைல் கூட்டம் குறைந்த எதிலீன் காபனேற்று வேறு விதமாக நடந்துகொள்கிறது. காரீயத்தின் அழுத்தம் இலிதியத்துக்கு மேல் 0.8 வோல்ற்று அளவுக்கு இறங்கியவுடன் அது இலத்திரன்களைப் பெற்றுத் தாழ்த்தப்பட்டுச் சிதைகிறது. அச்சிதைவின் எச்சங்கள் காரீயத்தின் மீது சில பத்து நனோமீற்றர் தடிப்பில் தோலாகப் படிகின்றன. இத்தோல் இலத்திரனை மறித்து, இலிதியம் அயனை மட்டும் கடக்க விடுவதால் மேற்கொண்டு கரைப்பான் அழிவது ஏறக்குறைய நின்றுபோகிறது. கட்டின் வெளி இலை தான் காய்ந்து உள் இலைகளைக் காப்பதும் இப்படித்தான். வெப்ப இயக்கவியலின் கணக்குப்படி இக்கலம் நிலைத்திருக்கவே கூடாது. முதல் அழிவு அடுத்த அழிவுக்கு வழியடைப்பதாலேயே அது ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. கண்டியின் மஹய்யாவவில் ஒரு கைத்தொலைபேசி மின்னேற்றப்படும் ஒவ்வோர் இரவும் அயன்கள் இத்தோலைக் கடந்தே உட்செல்கின்றன.

வரலாற்றைப் பொறுத்தவரை, ரஷீத் யசாமி 1980களின் தொடக்கத்தில் காரீயத்துள் இலிதியத்தை மீளத்தக்க முறையில் செலுத்திக் காட்டியதும், 1990இல் கனடாவில் ஜெப் டான் குழுவினர் எதிலீன் காபனேற்றின் பங்கை விளக்கியதும், 1991இல் சோனி விற்பனைக்கு விட்ட முதல் கலத்தில் காரீயம் அன்றிக் கற்கரி வகைக் காபனே இருந்ததும் அறிந்தால் போதும். இவ்வகைக் கலத்துக்கான 2019ஆம் ஆண்டின் நோபல் பரிசு குடினஃப், விற்றிங்ஹாம், யொஷினோ ஆகிய மூவருக்கே சென்றது.

மஹய்யாவவுக்குக் கண்டி நகரின் மறுபுறத்தில், ஹந்தானை மலைச்சாரலில் இயங்கும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் நாளக் காரீயத்தை ஆராயும்போது அதன் மேற்பரப்பில் கவனம் செலுத்தியது பொருத்தமானது. பேராதனை ஆய்வாளர் பிரெஞ்சு ஆய்வாளருடன் இணைந்து, பொறிமுறையாகவும் இரசாயன முறையாகவும் பதப்படுத்திய இலங்கைக் காரீயத்துள் இலிதியம் புகுவதை 2006இல் வெளியிட்டனர். திண்மநிலை அயனியல் குறித்த பத்தாவது ஆசிய மாநாடும் அதே ஆண்டு கண்டியிலேயே நடைபெற்றது. மின்கலத் தரத்துக்கு வேண்டிய தூய்மையோ 99.95 சதவீதம் அளவிலானது. நாளத்தோடு வரும் பைரைற்றிலிருந்து இரும்பு கரைந்தால், இலிதியத்தை அடியாகக் கொண்டு ஏறத்தாழ 2.6 வோல்ற்று உயரத்தில் நிற்கும் அந்த அயன் காரீயத்தை அடைந்ததும் உலோகமாகப் படிந்து தோலைக் கெடுக்கும். எனவே எஞ்சிய சில சதவீதத்தை அகற்றுவதே உண்மையான வேலை. ஆண்டுக்குச் சில ஆயிரம் தொன் மட்டுமே அகழப்படும் காரீயம், பத்து இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட உலக உற்பத்தியின் போக்கை மாற்றும் எனச் சொல்வது மிகைக்கூற்று. மேலும், ஒரு கிராமுக்கு 372 மில்லியம்பியர் மணி என்னும் கொள்ளளவின் உச்சவரம்பு எந்த நாட்டுக் காரீயத்துக்கும் பொதுவானது.

சில நிமிடங்களில் மின்னேற்றலாம் என்னும் அறிவிப்புகளையும் அந்த 0.1 வோல்ற்று இடைவெளியைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அயன்கள் தோலையும் படைகளையும் கடக்கும் வேகத்துக்கு மேல் மின்னோட்டத்தைத் திணித்தால் காரீயத்தின் அழுத்தம் இலிதியத்தின் அழுத்தத்துக்கும் கீழே சரிகிறது. அப்போது இலிதியம் உள்ளே புகாமல் வெளியே உலோகமாகப் படிந்து, ஊசிகளாக வளர்ந்து, மறுமுனையைத் தொட்டுக் குறுஞ்சுற்றை உண்டாக்கக்கூடும்.