அரங்கில் ரசிகர் மயங்கி விழுந்தால் யார் ஓடி வருவார்?

2018 டிசம்பரில் மலேசியாவும் வியட்நாமும் மோதிய சுசுகி கிண்ண இறுதியாட்டத்தின் முதல் ஆட்டத்தைக் காண, புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் 80,000க்கும் அதிகமானோர் திரண்டனர். ஒரு சிறு நகரமே சில மணி நேரத்துக்கு ஒரே கட்டடத்துக்குள் குடிவந்தது போலத்தான் இது. அந்த நகரத்தில் இனிப்பு நீர் உள்ளவர்கள் இருப்பார்கள். இருதய நோயாளிகள், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களும் இருப்பார்கள்.

திடலில் ஆட்டக்காரர் விழுந்தால் மருத்துவக் குழு பெட்டியோடு ஓடுவதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்க்கலாம். மேல் மாடியில் 40ஆவது வரிசையில் ஒரு ரசிகர் விழுந்தால் கேமரா அங்கே திரும்பாது. ஆனால் அவருக்காகவும் ஓர் ஏற்பாடு இருந்தாக வேண்டும். 2027ல் சீ விளையாட்டுப் போட்டியை மலேசியா ஏற்று நடத்தவிருக்கும் நிலையில், அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை ரசிகர்களும் அறிந்திருப்பது நல்லது.

பெரும்பாலும் சிறு உபாதைகள்

பெரிய விளையாட்டு நிகழ்ச்சிகளில் பொதுவாக ஆயிரம் பேருக்கு ஓரிருவர் மருத்துவ உதவி தேடி வருவார்கள். தலைவலி, வயிற்றுக் கோளாறு, படியில் வழுக்கி விழுந்த காயம், வெயில் மயக்கம் ஆகியவையே அதிகம். வெப்பமும் ஈரப்பதமும் கூடும் நாளில் இந்த எண்ணிக்கை சட்டென ஏறும். கோலாலம்பூர் போன்ற ஊரில் இது எந்நாளும் உள்ள கவலை.

ஆபத்தானது மாரடைப்பு. 2006 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்தில் இருதய அவசரச் சிகிச்சைகளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தனர். ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் அவை வழக்கத்தைவிட 2.66 மடங்காக உயர்ந்தன. ஆண்களிடம் அது 3 மடங்கைத் தாண்டியது. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் பாதிப்பு உச்சத்தில் இருந்தது. ஏற்கனவே இருதய நோய் உள்ளவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர்.

ஒவ்வொரு நிமிடமும் கணக்கு

இருதயம் நின்றுபோனால், நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியும் ஏஇடி எனப்படும் மின் அதிர்ச்சிக் கருவியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாடிப்படி ஏறி வரும் அம்புலன்ஸ் பணியாளர் 10 நிமிடத்தில் வந்து சேர்ந்தாலும் காலம் கடந்துவிடலாம்.

அதனால்தான் அரங்க மருத்துவம் பல அடுக்குகளாக அமைக்கப்படுகிறது. முதல் அடுக்கு, இருக்கைப் பகுதிகளில் நிற்கும் அரங்கப் பணியாளர்களும் நடமாடும் முதலுதவித் தொண்டர்களும். மலேசியாவில் செயிண்ட் ஜோன் அம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் போன்றவற்றின் சீருடைத் தொண்டர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அடுத்த அடுக்கு ஆங்காங்கே உள்ள முதலுதவி நிலையங்கள். அதற்கு மேல் மருத்துவரும் தாதியரும் உள்ள சிகிச்சை அறை. கடைசியில், தயாராக நிற்கும் அம்புலன்ஸும் முன்கூட்டியே தகவல் பெற்ற மருத்துவமனையும். இவை அனைத்தையும் வானொலிக் கருவி வழியாக ஒரே கட்டுப்பாட்டு அறை இணைக்க வேண்டும்.

இங்கிலாந்தின் விளையாட்டரங்குப் பாதுகாப்பு வழிகாட்டி இதற்கு எண்களையே வகுத்துள்ளது. ஆயிரம் ரசிகருக்கு ஒரு முதலுதவியாளர் இருக்க வேண்டும். கூட்டம் மிகப் பெரிதானால், கூடுதல் பகுதிக்கு 2,000 பேருக்கு ஒருவர். 2,000 பேருக்கு மேல் எதிர்பார்க்கப்பட்டால், ரசிகர்களுக்கென்றே ஒரு மருத்துவர் இருக்க வேண்டும்.

2021 அக்டோபர் 17ஆம் தேதி நியூகாசல் - டோட்டன்ஹாம் ஆட்டத்தில் இதன் பலன் தெரிந்தது. இருக்கையில் ஒரு ரசிகரின் இருதயம் நின்றது. வேறொரு பகுதியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அவசரப் பிரிவு மருத்துவர் ஓடிவந்து, அங்கிருந்தவர்களோடு சேர்ந்து சிகிச்சையில் இறங்கினார். ஆட்டக்காரர்கள் நடுவரிடம் சொல்லி ஆட்டத்தை நிறுத்தினர். ஏஇடி கருவியும் விரைந்து வந்தது. அந்த ரசிகர் உயிர் பிழைத்தார்.

வழி அடைபட்டால் எதுவும் உதவாது

கருவியும் ஆளும் இருந்தால் மட்டும் போதாது. 1989 ஏப்ரல் 15ஆம் தேதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலில் 97 ரசிகர்கள் இறந்தனர். அம்புலன்ஸ் வண்டிகள் பல வெளியே வந்து நின்றன. திடலுக்குள் நுழைந்தவை ஒரு சிலவே. ரசிகர்களே விளம்பரப் பலகைகளைப் பெயர்த்து, அவற்றில் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றனர்.

அண்டை நாடான இந்தோனேசியாவின் மாலாங் வட்டாரத்தில், கஞ்சுருஹான் அரங்கில் 2022 அக்டோபர் 1ஆம் தேதி நடந்தது இன்னும் அருகில் உள்ள பாடம். போலீசார் கண்ணீர்ப் புகை வீச, மக்கள் வாசல்களை நோக்கி ஓடி நெரிசலில் சிக்கினர். 135 பேர் மாண்டனர். மூச்சு அடைபட்டவருக்குச் சில நிமிடங்களே அவகாசம் உண்டு. திறந்த வாசலும் ஆளில்லாத அவசர வழியும் மருந்துப் பெட்டியைப் போலவே மருத்துவ ஏற்பாட்டின் ஒரு பகுதி.

அனைத்துலகப் போட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல நாட்டு ரசிகர்களின் மொழி வேறு. உண்ணும் மருந்தின் பெயரும் வேறு. நோயும் அவர்களோடு பயணம் செய்யலாம். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் முடிந்த பிறகு அந்த மாநிலத்தில் தட்டம்மை பரவி, 80க்கும் மேற்பட்டோரைப் பாதித்தது. அதனால் போட்டி முடிந்த பிறகும் சுகாதாரத் துறையின் கண்காணிப்பு தொடர வேண்டும்.

ரசிகர் செய்யக்கூடியவை

உட்கார்ந்ததும் வாயில், பகுதி, வரிசை எண்களைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். உதவி கேட்கும்போது முதல் கேள்வியே "எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான்.

இருதய நோய், இனிப்பு நீர், ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றாட மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, அவசர மருந்தைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். நெஞ்சு வலியை "ஆட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது.

பக்கத்தில் ஒருவர் விழுந்து, அசைவும் சரியான மூச்சும் இல்லையென்றால், ஒருவர் அருகிலுள்ள அரங்கப் பணியாளரிடம் ஓட வேண்டும். இன்னொருவர் 999க்கு அழைக்க வேண்டும். மூன்றாமவர் உடனே நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தொடங்க வேண்டும். ஏஇடி கருவி வந்ததும் அதைத் திறந்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே குரல் கொடுத்துச் சொல்லும்.

80,000 பேர் கூடும் இடத்தில் எல்லா வரிசையிலும் மருத்துவரை நிறுத்த முடியாது. ஆனால் எல்லா வரிசையிலும் ரசிகர்கள் இருக்கிறார்கள். சிபிஆர் பயிற்சிக்குச் சில மணி நேரமே போதும். கோவில் நிர்வாகம், தோட்டத்து இளைஞர் மன்றம், காற்பந்துக் குழு என எந்த அமைப்பும் முதலுதவிச் சங்கங்களை அணுகி அதற்கு ஏற்பாடு செய்யலாம். 2027க்குள் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது.