நெல்லும் அரிசியும் கெடாமல் சேமித்து வைக்கும் முறை

பயிரை விளைவிப்பதில் காட்டும் சிரத்தையை, விளைந்ததைக் காப்பதிலும் காட்டும் குடியானவர்கள் சிலரே. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிலோ அரிசி வேண்டுமெனக் கொண்டால், வருஷத்துக்குச் சுமார் 550 கிலோ ஆகும். அதற்கு ஏறக்குறைய 850 கிலோ நெல்லை, அதாவது 75 கிலோ கொண்ட 11 அல்லது 12 மூட்டைகளை, இருப்பு வைக்கவேண்டும். இதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பூச்சிக்கும் எலிக்கும் இரையாகுமானால், அக்குடும்பம் 36 நாள் சாப்பாட்டை இழந்ததாகும்.

நெல்லாகவே வைத்தல்

ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல், பிள்ளைகள் ஆலை வேலைக்குச் செல்லும் வீடுகள் பெருகின. அடிக்கடி மில்லுக்குப் போக ஆளில்லாமையால், நெல் முழுவதையும் ஒரே தடவையில் அரைத்து அரிசியாக வைத்துக்கொள்வாரும் உண்டு. இது நஷ்டத்துக்கு இடமாகும். நெல்லுக்கு உமியே கவசம். உமி நீங்கிய அரிசியைக் கூன்வண்டு எளிதில் துளைத்து முட்டையிடும். வெப்பமான நாட்களில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளிவரும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால், தவிடு நீக்காத கைக்குத்தல் அரிசி வெகு சீக்கிரத்தில் சிக்கு வாடை கொள்ளும். ஆகையால் இருப்பை நெல்லாக வைத்து, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்வதே உத்தமம். அந்துப்பூச்சியும் தானியத் துளைப்பானும் நெல்லையும் தாக்குமாதலால், உமி இருக்கிறதென்று கவலையற்று இருத்தலும் தகாது.

ஈரத்தை அறிதல்

சேமிப்பில் முதன்மையானது உலர்ச்சி. சில மாதம் வைக்கும் நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படலாகாது. ஒரு வருஷம் வைப்பதற்கு 12 அல்லது 13 பங்கே இருக்கவேண்டும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 பங்கு வரை ஈரமுள்ள நெல் எடுத்துக்கொள்ளப்படுவதைக் கண்டு, அதே நெல் வீட்டில் வைக்கவும் ஏற்றதென எண்ணுவது தவறு. அவ்வளவு ஈரமுள்ள நெல் குவியலில் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஈரமானி இல்லாதவர்கள் ஓர் எளிய சோதனை செய்யலாம். நன்றாய்க் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி நெல்லும் சிறிது உலர்ந்த பொடியுப்பும் இட்டு, மூடி, சில நிமிஷம் குலுக்கிப் பார்க்கவேண்டும். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 பங்குக்கு மேல் உள்ளதென அறியலாம். ஒட்டாவிடினும், வருஷ இருப்புக்கான நெல்லை மேலும் ஒருநாள் காயவைப்பது நலம்.

கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் முதற்போகம் அறுக்கும் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை குறுக்கிடுவதுண்டு. அக்காலத்து நெல்லுக்கு இச்சோதனை மிகவும் அவசியம். களத்தில் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, அரைமணிக்கொரு தடவை கிளறிவிடவேண்டும். கடும் வெயிலில் கிளறாது விட்டால் மணியில் வெடிப்பு உண்டாகி, அரைக்கும்போது நொய் அதிகமாகும். காய்ந்த நெல்லைச் சூடு ஆறிய பிறகே மூட்டை கட்டவேண்டும்.

குழியும் காற்றுப்புகாப் பையும்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் முன்னோர் கேழ்வரகை நிலத்தடிக் குழிகளில் இட்டு மூடி, வருஷக்கணக்காகக் காத்தனர். மூடிய குழியிலுள்ள பிராணவாயுவைத் தானியமும் பூச்சிகளும் சுவாசித்துத் தீர்த்துவிட, பூச்சிகள் மடிகின்றன. இக்காலத்தில் விற்கப்படும் காற்றுப்புகாத பைகள் வேலை செய்வதும் இதே தத்துவத்தினால்தான். நன்கு உலர்ந்த நெல்லைப் பையில் நிரப்பி, உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டிச் சாக்கினுள் வைக்கவேண்டும். எலி கடித்து ஒரு துளை விழுந்தாலும் பயன் கெடும். ஈரநெல்லை இவ்விதம் அடைப்பது பெருந்தீங்கு. பழைய குழியைத் திறப்போர் உடனே உள்ளே இறங்கலாகாது. அதில் தங்கியிருக்கும் கரியமிலவாயு உயிரைப் போக்கும்.

தகரக் குதிர் வைத்திருப்போர் அதை வெளிச்சுவரை ஒட்டி வைக்கலாகாது. ஓசூர் மேட்டுநிலத்தில் இரவில் குளிர் மிகுவதால், தகடு குளிர்ந்து மேற்பரப்பு நெல்லில் ஈரம் சேரும். சாக்கு மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கவேண்டும். பழைய சாக்குகளைக் கொதிநீரில் நனைத்து உலர்த்திய பின்னரே உபயோகிக்கலாம்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைக் குடியிருக்கும் வீட்டில் ஒருபோதும் வைக்கலாகாது. அவற்றிலிருந்து எழும் வாயு உறங்குவோரைக் கொல்லும். அனுமதி பெற்ற பணியாளர்களே, தனிக் கிடங்கில், அவற்றைக் கையாள வேண்டும்.

உலைக்கு வரும்போது

சில மாதம் பழகிய அரிசி புதிய அரிசியைவிட அதிகத் தண்ணீர் ஏற்று, ஒட்டாமல் உதிரியாக வேகும். 1955-ம் வருஷம் ஜப்பானில் தோஷிபா கம்பெனியார் வெளியிட்ட தானியங்கி மின்சாரச் சோற்றுக்கலம் இப்போது இப்பகுதி வீடுகளிலும் வழங்குகிறது. நீர் உள்ளவரை கலத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நீர் வற்றிச் சூடு ஏறியதும் கருவி தானே நின்றுவிடும். எனவே சோற்றின் பதம் ஊற்றும் நீரின் அளவைப் பொறுத்தது. புதிய அரிசிக்கு நீரைக் குறைக்கவேண்டும். அரிசி வெந்தால் ஏறக்குறைய மும்மடங்காகும். வாங்குவோர், கலத்தில் குறித்துள்ள லிட்டர் அளவு அரிசிக்கா சோற்றுக்கா என்று கேட்டறிந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் மூன்று முள் செருகியும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்பே பொதுக்களத்தைப் பழுதுபார்த்து வைத்தலும், கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் ஈரமானி இருக்குமாறு செய்தலும் நலம். குடியானவர்கள் பதினைந்து நாளுக்கொரு தடவை மூட்டையருகே சென்று, கையை உள்ளே விட்டுச் சூட்டைப் பார்க்கவேண்டும். சூடு தெரிந்தால் அன்றே பிரித்துக் காயவைப்பது, அந்த மூட்டையைக் காப்பாற்றும்.